கூடை நிறைய உலர்பழம்

மளிகைக் கடைக்குப் போனால், உலர்பழ அலமாரி இருக்கிற பக்கமே தள்ளுவண்டியைத் திருப்ப மாட்டார் லிஃப்ட் மெக்கானிக். மனைவியைச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதிலிருந்து அப்படித்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரி மிஷின் அவள் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்பும். நடுவில் பழம், அதுவும் காய்ந்த பழம், வாயில் பட்டால் நெஞ்சுக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டித்திருந்தார்.

அன்று அவளே தள்ளுவண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். ஸ்கூல் பஸ் ஓட்டிய கை, பிடித்தால் விடாது. நேரே அந்த அலமாரிக்கு விட்டாள். மிளகாய்த்தூள் தூவின அன்னாசி, எலுமிச்சை போட்ட மாம்பழம், பட்டை வாசனையில் ஆப்பிள், காபி வாசனையில் வாழைப்பழம் என்று கைக்கு எட்டியதையெல்லாம் அள்ளிப் போட்டாள்.

"யாருக்கு இவ்வளவு?"

"ஏன், உங்களுக்குப் பல்லு இல்லையா?"

வெளியூரில் இருக்கும் மகள் வரப்போகிறாள் போலிருக்கிறது என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு பில் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, சமையலறை மேஜைமேல் எல்லாப் பாக்கெட்டையும் பிரித்து வைத்தாள். முதலில் வாழைப்பழத்தை மென்றாள். முகம் கோணியது.

"வாழைப்பழத்துக்கு எதுக்குங்க காபி? அதுக்கென்ன தூக்கமா வருது?"

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. ஒரு துண்டுதானே, போகட்டும் என்று விட்டார். அவள் அன்னாசியை எடுத்தாள். பிறகு ஆப்பிள். மறுபடியும் அன்னாசி.

"போதும் டிரைவரம்மா. நாளைக்கு மிஷின்ல உக்காரும்போது நர்ஸ் என் சட்டையைத்தான் பிடிப்பாங்க."

"நாளைக்கு நான் வரலைங்க."

"எங்க வரலை?"

"மிஷினுக்கு. இனிமே வரலை."

அவர் பாக்கெட்டைப் பிடுங்கினார். அது கிழிந்து, துண்டுகள் தரையெல்லாம் சிதறின. பொறுக்கக் குனிந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டர்கிட்ட பேசிட்டேன். வேற கிட்னி வெச்சா என் நெஞ்சு தாங்காதுன்னு அவரே ஒத்துக்கிட்டார். வலி தெரியாம பாத்துக்கறோம்னார்."

"பொண்ணுக்கு?"

"தெரியும். அழுதா. 'அப்பாகிட்ட நீயே சொல்லும்மா, என்னால முடியாது'ன்னுட்டா."

எல்லாருக்கும் தெரிந்து, கடைசியில் தனக்கு. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் எதுக்கு இருக்கேன்? வண்டி ஓட்டவா? ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா?"

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன். இப்பவும் விட மாட்டேன்."

"மிஷின்லேர்ந்து வந்தா அடிச்சுப் போட்ட மாதிரி படுக்கை. கொஞ்சம் தலை தூக்கினா மறுபடியும் ஊசி. நடுவுல நான் எப்பங்க இருக்கேன்?"

அவர் எழுந்து வெளியே போய் மாடிப்படியில் நின்றார். ஆளில்லாத படிக்கட்டில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். திரும்பி வந்தபோது அவள் மாம்பழத் துண்டை மெல்லாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"இந்த நோவுல எல்லாமே இரும்பை நக்கின மாதிரிதாங்க இருக்கு. இதுக்கா இத்தனை வருஷம் ஏங்கினேன்?"

அதே பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்து அவரும் வாயில் போட்டார். "நல்லாத்தானே இருக்கு," என்றார். பொய்யில்லை. புளிப்பும் இனிப்புமாக, நிஜமாகவே நன்றாக இருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போலப் போர்வையையும் தலையணையையும் காரில் வைத்துவிட்டு வந்து, "கிளம்பும்மா," என்றார். அவள் அசையவில்லை. "இந்த ஒரு தடவை. எனக்காக." ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன கையால் அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டாளே தவிர, எழுந்திருக்கவில்லை.

ஃபோன் அடித்தது. நர்ஸ்தான்.

"டாக்டர் சொன்னார் சார். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு. வர்றீங்களா? இல்ல, அம்மாவோட இடத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துடட்டுமா? வெளியில காத்துக்கிட்டிருக்காங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையாட்டவும் இல்லை, கண்ணை விலக்கவும் இல்லை.

"குடுத்துடுங்க," என்றார்.

மகள் மறுநாளே வந்து சேர்ந்தாள். அதற்கு அடுத்த வாரம் ஒரு மத்தியானம் எல்லாம் முடிந்துபோனது. அவர் அப்போது அறையில் இல்லை. வெந்நீர் எடுத்துவரப் போயிருந்தார்.