செம்மேட்டுக்கு ஒரு ரயில்

“கொல்லிமலைக்கு ரயில் உட்டவன் நாந்தான். காரவள்ளியில கெளம்புனா செம்மேட்டுல வந்துதான் நிக்கும். ஒரு ஊட்டை இடிக்கல, ஒரு மரத்தை வெட்டல, மலையில ஒரு ஓட்டை போடல!”

வியாழக்கிழமை டீக்கடையில் நின்று இப்படி முழங்கிய வாயை, திங்கட்கிழமை காலையில் வெள்ளைத் துணியால் தாடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டியவர் குழந்தைசாமி, செத்தவரின் மச்சினன். முடிச்சைப் போட்டபிறகும் சந்தேகம் தீராமல், மூக்கின் கீழே விரலை வைத்து ஒருமுறை பார்த்துக்கொண்டார். அர்த்தனாரி செத்துப்போனதாகச் சொல்லி ஊரைக் கூட்டிவிட்டு எழுந்து உட்காரக்கூடிய ஆள்தான்.

குழந்தைசாமி சந்தேகத்தைச் சோற்றோடு பிசைந்து தின்று வளர்ந்தவர். மலைக்குக் கீழே சமவெளியில் முப்பத்தெட்டு வருஷம் ரயில்வே கேங்மேன். தண்டவாளத்தின் ஒவ்வொரு ஆணியையும் சுத்தியலால் தட்டித் தட்டிச் சந்தேகப்படுவதற்குத்தான் அரசாங்கம் அவருக்குச் சம்பளமே கொடுத்தது. அர்த்தனாரியோ மலை பஸ் டிரைவர். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்பார். அவர் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறார் என்று பயணிகளில் பாதிப் பேர் நம்பினார்கள்.

இரண்டு பேரும் ஓய்வுபெற்று, இரண்டாயிரத்து நான்கில் செம்மேட்டுக்கு ஒரு மனு டைப் அடிக்கப் போன இடத்தில் கெட்டுப்போனார்கள். தேவராஜின் கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு ரயில் விளையாட்டு இருந்தது. தண்டவாளம் போடலாம், ஸ்டேஷன் கட்டலாம், ரயில் விடலாம். அன்றைக்கு உட்கார்ந்தவர்கள்தான்; மனு என்ன ஆனதென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

குழந்தைசாமியின் ரயில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டமாதிரி போகும். குறுக்கே ஊர் வந்தால் ஊர் காலி. மலை வந்தால் குகை. முதலில் சிக்னல், அப்புறம்தான் தண்டவாளம். அர்த்தனாரிக்கு ஒரு குடிசை மேல் கைவைக்க மனசு வராது. சுற்றிச் சுற்றிப் போடுவார். ஐம்பது ரயில் ஓடவேண்டிய இடத்தில் ஒரே ஒரு ரயிலை விட்டுவிட்டு, அது போகிற வழியெல்லாம் திரையில் பின்னாலேயே போய், ஆள் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

“மச்சான், நீ ஓட்டறது ரயிலில்ல, டவுன் பஸ்சு.”

“நீ மட்டும் என்ன, ரயிலா ஓட்டற? புல்டோசரு.”

போன மாதம் தேவராஜ் அந்த விளையாட்டுக்குள்ளேயே மண்ணைக் குவித்துக் குவித்துக் கொல்லிமலையை உண்டாக்கினான். குழந்தைசாமி மூன்று ஊரை இடித்து, இரண்டு குகை குடைந்து பார்த்தார். ஏற்றத்தில் ரயில் முக்கி முனகி நின்றுவிட்டது. கேங்மேனே ஏற்ற முடியாத ரயிலை யாரும் ஏற்ற முடியாது என்று முடிவுகட்டினார். அதனால்தான் வியாழக்கிழமை டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொன்னார்: “பொய்யி. தேவராஜ் போட்டுக் குடுத்திருப்பான்.”

“வந்து பாருடா” என்றார் அர்த்தனாரி. குழந்தைசாமி போகவில்லை.

இப்போது வாய்க்கரிசிக் கிண்ணத்துக்குக் கையை நீட்டியதும், அக்கா மாதம்மாள் அதை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

“உனக்கில்ல.”

“என்னக்கா?”

“எங்கூட்டுக்காரர ஊரே கேக்கப் பொய்யன்னு சொன்ன. நாலு நாளா ‘வருவான், வந்து பாப்பான்’னு வாசலயே பாத்துக்கிட்டிருந்தாரு. இப்பவாச்சும் போயிப் பாரு. நெசம்னா வந்து சொல்லிட்டு அரிசி போடு. பொய்யின்னா அதையும் சொல்லிட்டுப் போடு. பாக்காம போட உடமாட்டேன்.”

“பொணத்தப் போட்டுட்டுக் கம்ப்யூட்டரு பாக்கப் போவச் சொல்றியா?”

“ரெண்டு மணிக்குத்தான் எடுக்கறாங்க. உன்ற மொபெட்டுல பெட்ரோல் இருக்குதல்ல?”

அக்காவின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவர் போய் மொபெட்டை உதைத்தார்.

செம்மேட்டில் சென்டரின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. தேவராஜ் மாலையோடு வெளியே வந்தான்.

“நானே அங்கதானுங்க கெளம்பிட்டிருந்தேன்.”

“ஷட்டரத் தூக்கு. மச்சான் போட்டதக் காட்டு.”

மாலையைப் பிரிண்டரின் மேல் வைத்துவிட்டு அவன் கம்ப்யூட்டரைப் போட்டான். குழந்தைசாமி முதலில் பார்த்தது தேதியை. புதன்கிழமை, மத்தியானம்.

“புதங்கெழம நீ எங்க இருந்த?”

“நாமக்கல்லுல ஒரு கல்யாணமுங்க. சாவிய அவருகிட்டத்தான் குடுத்துட்டுப் போனேன்.”

“யாரு கல்யாணம்? பத்திரிக இருக்குதா?”

இருந்தது. மேஜை டிராயரிலிருந்து எடுத்து நீட்டினான். குழந்தைசாமி முகூர்த்த நேரம்வரை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஊர்களை எண்ணினார். ஒரு வீடு குறையவில்லை. மலையைச் சுற்றிச் சுற்றித் தேடினார். ஒரு குகை இல்லை. ஆனால் சரிவெங்கும், நாய்கூடக் குடியிருக்காத இடத்திலெல்லாம், கொசு மொய்த்தமாதிரி ஸ்டேஷன்கள். எழுபது! ஒவ்வொன்றும் வளைவில், தண்டவாளம் மொட்டையாக முடிகிற இடத்தில்.

“பாத்தியா! தண்டவாளம் அந்தரத்துல நிக்குது. அந்தாளு கத உட்டிருக்காரு” என்றார். குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

“ஓட்டிப் பாருங்க.”

ரயில் காரவள்ளியில் கிளம்பியது. முதல் வளைவின் மொட்டை ஸ்டேஷனுக்குள் போய் நின்றது. அவர் சிரிக்க வாயைத் திறந்தார். ரயில் அதே ஸ்டேஷனிலிருந்து பின்பக்கமாகக் கிளம்பி, வேறு தண்டவாளத்துக்கு மாறி, வால் முன்னால் போக மேலே ஏறியது. அடுத்த ஸ்டேஷனில் நின்று, மறுபடி மாறி, முன்பக்கமாக ஏறியது. திரும்பவே இல்லை. முன்னும் பின்னுமாக, முன்னும் பின்னுமாக, மலைமேல் தையல் போடுகிறமாதிரி போய்க்கொண்டிருந்தது.

குழந்தைசாமியின் வாய் திறந்தபடியே இருந்தது. நீளமான வண்டி வளைவில் ஒரே மூச்சில் திரும்பாது. ரிவர்ஸ் எடுத்துத்தான் ஏறவேண்டும். இது டிரைவர் புத்தி. முப்பத்தெட்டு வருஷம் தண்டவாளத்தைத் தட்டினவனுக்குத் தோன்றவே தோன்றாது.

இருந்தாலும் சந்தேகம் அவ்வளவு லேசில் இறங்குமா? தேவராஜும் பஸ்ஸில் போகிறவன்தானே?

“ஸ்டேஷனுக்கெல்லாம் பேரு வெச்சிருக்காருங்க” என்று தேவராஜ் சுட்டியை நகர்த்தினான். ஆங்கில எழுத்தில், தப்பும் தவறுமாக: அன்னாசி. குரங்கு. வாந்தி. டயர் பஞ்சர். நாற்பத்தாறாவது வளைவில் சுட்டி நின்றது.

வரலாம்.

“இதுமட்டும் என்னன்னு எனக்குப் புரியலீங்க. கேட்டேன், சிரிச்சாரு.”

குழந்தைசாமிக்குப் புரிந்தது. இரண்டு பேரும் வேலையில் இருந்த காலத்தில், அவர் லீவில் மலைக்கு வந்த நாள். பகல் பதினோரு மணிக்கே கை தெரியாத மூடுபனி. நாற்பத்தாறாவது வளைவில் பஸ்ஸின் முன்சக்கரம் தடுப்புக்கல்லைத் தாண்டி அந்தரத்தில் நின்றது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியாது. குழந்தைசாமி மட்டும் இறங்கிப் பின்னால் போய், தகரத்தை உள்ளங்கையால் தட்டித் தட்டிக் குரல் கொடுத்தார்: “வரலாம்... வரலாம்...” பஸ் அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தது. வேலைக்கே உலை வைத்துவிடும் என்பதால் மச்சானும் மச்சினனும் அதை ஒரு ஈ, எறும்புக்குக்கூடச் சொன்னதில்லை.

ரயில் ‘வரலாம்’ ஸ்டேஷனில் நின்று, பின்பக்கமாகக் கிளம்பியது. அவர் செம்மேடு வரைக்கும் பார்த்தார். பிறகு தேவராஜின் மாலையை எடுத்துத் தானே பிடித்துக்கொண்டு, அவனையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டார்.

அவர்கள் வந்தபோது பாடையைத் தூக்கியிருந்தார்கள். பெண்கள் நின்றுவிடவேண்டிய முக்கில், மிளகுக்கொடி ஏறிய மரத்துக்கும் கல்கட்டுக்கும் நடுவே அது மாட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வழி செங்குத்தாக வளைந்து மேலே ஏறுகிறது. நீள மூங்கில் திரும்பவில்லை. வளைவுக்கு நேரெதிரே கதிரடிக்கிற களம் காலியாகக் கிடந்தது.

“பின்னால வாங்கய்யா!” என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்.

“பொணத்தப் பின்னால கொண்டுபோனா ஊட்டுக்கே திரும்பி வந்துருமுங்க” என்றான் முன்னால் பிடித்திருந்த மாணிக்கம்.

குழந்தைசாமி மாலையை தேவராஜிடம் கொடுத்தார்.

“நேரா அந்தக் களத்துக்குள்ள போங்க. நில்லுங்க. இப்பத் திரும்பாதீங்க, அப்பிடியே பின்னாலயே மேல ஏறுங்க.”

“பின்னாலயேவா?”

“பின்னால போனாத்தான் ஏறும்.”

அவர் சரிவில் ஏறிப் பாடைக்குப் பின்புறம் நின்று, மூங்கிலை உள்ளங்கையால் தட்டினார்.

“வரலாம்... வரலாம்...”

பாடை கல்கட்டில் உரசாமல் மேலே போயிற்று. முக்கிலேயே நின்ற மாதம்மாள், அவர் கீழே இறங்கி வரும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்ணம் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

“ரயிலு?” என்றாள்.

குழந்தைசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கையை நீட்டினார்.

“ஏறுச்சுக்கா. நாம்பாத்தேன்.”