ஏழாவது லைப்ரரி

என்சியோவின் குரல் நாற்பத்தொரு கோப்புகளில் இருந்தது. அவர் மனைவி ஹெல்வியால் அவற்றில் ஒன்றைக்கூடத் திறக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி இரண்டு மாதமும் அவர் பேசிப் பதிந்தவை. பதிந்தது அவரே எழுதிய கணினி நிரலில்; வேறெதிலும் அவை திறக்காது. மடிக்கணினி செத்துப்போனபோது அவள் பயப்படவில்லை. கோப்புகளும் நிரலின் மூல வரிகளும் வெளித்தட்டில் பத்திரமாக இருந்தன. ஆனால் அந்த நிரல் தனியாக ஓடாது. பிறர் எழுதிய ஏழு துணை நிரல்கள், லைப்ரரிகள், அதற்கு வேண்டும். அவற்றை என்சியோ கணினியின் வேறொரு மூலையில் நிறுவியிருந்தார். பிரதி எடுத்ததோ தன் கோப்புறையை மட்டும். என்னென்ன வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. அவர் கணினியில்தான் எல்லாம் ஓடிற்றே.

தொழிற்சாலைக் கையேடுகளுக்குப் பிழை திருத்தியே ஓய்வு பெற்றவள் ஹெல்வி. பொறுமை உண்டு. மூல வரிகளை ஓடும் நிரலாக்க கம்பைல் செய்தாள், ஒரு லைப்ரரி இல்லை என்றது கணினி. தேடி நிறுவினாள், அடுத்தது இல்லை என்றது. மூன்று நாளில் ஆறு கிடைத்தன. ஏழாவதன் பெயர் சீக்கா. அது இணையத்தில் எங்குமே இல்லை.

அதை எழுதியவர் தைஸ்தோ. இருபது வருடம் தம்பெரேயில் என்சியோவோடு ஒரே அறையில் வேலை பார்த்தவர். சீக்காவை நம்பி எதையும் எழுதாதீர்கள் என்று என்சியோ ஒருமுறை நிரலாளர்களின் மின்னஞ்சல் மடற்குழுவில் எழுதினார், காரணங்களோடு. மறுநாளே தைஸ்தோ அதை எல்லா இடத்திலிருந்தும் அழித்துவிட்டார். என்சியோவின் சாவுக்கும் வரவில்லை.

ஹெல்வி போன் செய்ததும் இப்போது வந்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, திரையைப் பார்த்தார். இரண்டு கோப்பை காப்பி குடித்தார். சீக்காவின் பிரதி இருக்கிறதா என்று அவள் கேட்டாள். வீட்டில் இருக்கிறதென்றார்.

"என்னோடது குப்பைன்னு ஊருக்கே சொன்னான். கடைசியில அவனுக்கே அதுதான் வேண்டியிருந்திருக்கு பாரு."

"அவர் செத்துட்டாரு, தைஸ்தோ."

"அவன் எழுதினது சாகலையே. இன்னிக்கும் என் பேரைத் தேடினா முதல்ல அதுதான் வந்து நிக்குது." கோப்பையைத் தள்ளிவைத்தார். "குழுவில ஒரே ஒரு வரி போடு. என்சியோ சொன்னது தப்பு, அது அவனுக்கே தெரியும்னு. நீ சொன்னா நம்புவாங்க. உடனே அனுப்பிடறேன்."

என்சியோ சொன்னது சரி. அந்தக் கடிதத்துக்குப் பிழை பார்த்தவளே அவள்தான். கொஞ்சம் கடுமையாக இருக்கிறதே என்று அன்று கேட்டதற்கு, பொய்யாக இருந்தால் சொல் என்றிருந்தார்.

தைஸ்தோ போனபின் குழுவில் எழுதினாள். தன் கணவர் கடைசி நாட்களில் அந்தத் தவறை நினைத்து வருந்தினார் என்று, கேட்டதற்கும் மேலாகவே. பத்தாவது நிமிடம் சீக்கா வந்தது. நிரல் ஒரு குறையும் சொல்லாமல் கம்பைல் ஆயிற்று.

முதல் கோப்பில் என்சியோ இருமினார். இன்றைக்கு வியாழன், பட்டாணி சூப், உப்பே போடவில்லை என்று முறையிட்டார். ஹெல்வி வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

அதற்குள் குழுவில் பதில்கள் வரத் தொடங்கியிருந்தன. இதைச் சொல்லப் பெரிய மனசு வேண்டும் என்றார் முன்பின் தெரியாத ஒருவர். அந்த ஆள் என்றுமே அப்படித்தான், உயிரோடு இருந்தபோதே ஒப்புக்கொண்டிருக்கலாம் என்றார் இன்னொருவர். அதைப் பதினெட்டுப் பேர் ஆமோதித்திருந்தார்கள்.

என்சியோ பேசிக்கொண்டிருக்கும்போது அவளால் அவற்றைப் படிக்க முடியவில்லை. குரலை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகப் படித்தாள்.