மனைவி பெயருக்கான கட்டம்

போன் அடித்தபோது எங்களுக்கு முன்னால், சோதனைச் சாவடி வரை ஒன்பது கார்கள் நின்றன. ஆட்களை நெருக்கியடித்து ஏற்றும் வாடகை கொரோலா. முன்சீட்டில் ஓட்டுநரோடு இரண்டு ஆண்கள். பின்னால் ஜன்னலோரம் நான், மடியில் ஐந்து வயது இத்ரீஸ், பக்கத்தில் என் கணவர் ஹாஷம், அவருக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர். ஆஸ்பத்திரியில் இத்ரீஸின் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு, மருந்து இல்லை என்று கையை விரித்திருந்தார்கள். அதை அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் இப்போது வேறு எங்கோ அனுப்புகிறார்களாம்.

"வெளிநாட்டு நம்பர்," என்றார் ஹாஷம், உதடு அசையாமல்.

எட்டு மாதமாகக் காத்திருந்த அழைப்பு. அந்த நாட்டுக்காரர்கள் இங்கே சாலை போட்டபோது ஒன்பது வருஷம் அவர்களுக்கு வண்டி ஓட்டியவர் இவர். அவர்கள் விமானம் ஏறிப் போன வாரமே, எங்களையும் அங்கே அழைத்துக்கொள்ளச் சொல்லி விண்ணப்பம் போட்டோம். முதலில் வாரம் ஒரு பதில் வந்தது. பிறகு உக்ரைனில் போர் மூண்டது, பதில் நின்றது. யாரையும் குறை சொல்லவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அந்த ஊர்ப் பெண்கள் ரயில் ஏறுவதை அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்து அழுதவள்தான் நான். ஆனால் ஒவ்வொருத்தியின் முகத்துக்குக் கீழேயும் அவள் பெயரைப் போட்டார்கள். அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அதையும் மறைப்பானேன்?

அவர்களிடம் வேலை பார்த்தவர்களைத்தான் இந்தச் சாவடிக்காரர்கள் தேடுகிறார்கள். ஆனாலும் போனை எடுக்காமல் விட முடியாது. இறங்கிப் போய்ப் பேசவும் முடியாது. சாவடி வரிசையில் காரைவிட்டு இறங்கி நடப்பவனை முதலில் சுடுவார்கள், பிறகுதான் யாரென்று கேட்பார்கள். போதாக்குறைக்கு அந்தப் போனைக் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். ஹாஷம் சத்தத்தைக் குறைத்து, சால்வைக்குள் வைத்தபடி எடுத்தார். பெண் குரல். முன்சீட்டில் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"ஹாஷம் அண்ணனா? மொழிபெயர்ப்பாளர் பேசுறேன். அதிகாரி பக்கத்துலதான் இருக்காங்க. இங்க எல்லாரையும் அந்தப் புதுப் போருக்கு மாத்திட்டாங்க. நம்ம ஊர் விண்ணப்பங்களைப் பாக்குற பிரிவை இன்னையோட மூடுறாங்க. சட்டுனு சொல்லுங்க, அப்பா பேரு?"

"குலாம் ஹைதர்."

"பையன் பேரு?"

"இத்ரீஸ்."

"மனைவி பேரு? அந்தக் கட்டத்துல 'இத்ரீஸின் தாய்'னு போட்டிருக்கீங்க."

விண்ணப்பத்தைக் கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரன்தான் நிரப்பினான். அந்நிய ஆணிடம் பெண்டாட்டி பெயரைச் சொல்வதாவது! எங்கள் கல்யாணப் பத்திரிகையிலேயே நான் வெறும் 'ஹாஜி ரசூலின் மகள்'. பத்து வருஷத்தில் வீட்டுக்குள்கூட இவர் என் பெயரைச் சொன்னதில்லை. அன்பில்லாதவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ரொட்டியில் கருகாத பாதியை எனக்கு எடுத்து வைப்பவர்.

"அதே பேருதாம்மா. இத்ரீஸோட அம்மா."

"அண்ணே, அது பேரு இல்லன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"எழுதி அனுப்பட்டுமா?"

"இந்த நம்பருக்கு எதுவும் வராது. பேரு இல்லாட்டி உங்களையும் பையனையும் மட்டும் சேர்த்து மூடச் சொல்றாங்க."

கார் நகர்ந்தது. முன்னால் இன்னும் மூன்று. பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முன்னால் இருந்தவர்கள் சாலையையே பார்த்தார்கள். எங்கள் ஆண்களின் மரியாதை அப்படி. எதுவும் கேட்காததுபோல உட்கார்ந்திருப்பார்கள், எட்டுக் காதும் கேட்டுக்கொண்டிருக்கும். ஹாஷமின் கழுத்தில் வேர்வை இறங்கியது. வாயைத் திறந்தார், மூடினார். இதோ சொல்லிவிடுவார் என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, ரெண்டு பேருன்னு போட்டுடட்டுமா?"

"ம்," என்றார்.

அது சம்மதமா, திணறலா, இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள நான் காத்திருக்கவில்லை.

"பரிகுல்!" என்றேன் முகத்திரைக்குள்ளிருந்து. "ஹாஜி ரசூல் மகள் பரிகுல். எழுதிக்கோ தங்கச்சி!"

"யாரு பேசுறது? சரியா கேக்கல. சத்தமா சொல்லுங்க."

ஒரே ஒரு கார்தான் பாக்கி. ஹாஷம் என் மணிக்கட்டை அழுத்தினார். நான் கத்தினேன்.

"பரிகுல்! நாங்க மூணு பேரு!"

என் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. "அம்மா தாயே, எல்லாரையும் சேர்த்துக் கொன்னுடுவ போலிருக்கே," என்று முனகிக்கொண்டே ஓட்டுநர் காரைச் சாவடிக்கு நகர்த்தினார்.

துப்பாக்கிக்காரன் கண்ணுக்கு மை தீட்டியிருந்தான். பெரியவர் பக்கத்து ஜன்னலில் வந்து குனிந்தான்.

"யாரு கத்துனது? யாரு அது பரிகுல்?"

இத்ரீஸ் இருமினான். அவன் வாயைப் பொத்தினேன். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"என் மனைவி," என்றார் ஹாஷம். "பரிகுல் என் மனைவி."

முன்சீட்டுக்காரர்கள் திரும்பியே பார்த்துவிட்டார்கள். பெரியவரின் முழங்காலைத் தாண்டித் துப்பாக்கிக்காரனின் கை, உள்ளங்கை விரிந்தபடி, சால்வையை நோக்கி நீண்டது. சால்வையின் நெசவுக்குள் போனின் வெளிச்சம் இன்னும் அணையவில்லை.

"அண்ணே," என்று உள்ளிருந்து கேட்டாள் அந்தப் பெண், "அப்போ மூணு பேருதானே?"