சத்தியமாக இறுதி

எங்கள் அலுவலகத்தில் 'சோதனைப் பதிப்பு' என்று பெயர் போட்டு எதையும் மேலே அனுப்ப முடியாது. மேலே இருப்பவர்கள் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அதனால் பாங்க்யோ நகரில் நாங்கள் எழுதும் மென்பொருள் அரைவேக்காடாக இருக்கும்போதே 'இறுதி' என்று பெயர் வாங்கிவிடும். பிழை திருத்தினால் 'உண்மையான இறுதி'. மறுபடியும் திருத்தினால் 'சத்தியமாக இறுதி'. வெட்கக்கேடு! ஆனாலும் உள்ளே இருக்கும் எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

பியோ சாங்உக்குக்குத்தான் பொறுக்கவில்லை. என் பக்கத்து இருக்கை, ஒப்பந்த ஊழியர். தெற்குக் கடற்கரையில் ஒரு மீன் ஏலக்கூடத்துக்கு நாங்கள் எழுதிய மென்பொருள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அவரை நிரந்தரமாக்குவதாகக் குழுத்தலைவர் மேங் வாக்குக் கொடுத்திருந்தார். நிரந்தர வேலை இல்லாதவனுக்குப் பெண் கிடையாது என்று அவர் காதலித்த சோஹ்வாவின் அப்பா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். மனிதர் அந்த வேலையை உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

'எங்களுக்குள் மட்டும்', 'உங்கள் ஒத்திகைக்கு', 'நிஜ வேலைக்குப் பயன்படுத்தலாம்' என்று பதிப்பின் மூன்று நிலைகளுக்கு மூன்று பெயர்களை யோசித்துக் கொண்டுவந்தார். படித்தவுடன் யாருக்கும் புரியும். மேங் சிரித்துவிட்டார்.

"ஏம்ப்பா, ஒத்திகைன்னு போட்டா இன்னும் முடிக்கலையான்னு கேக்க மாட்டாங்களா? நம்ம மானம் என்னாகுறது? பேசாம இறுதின்னே போட்டு அனுப்பு."

ஏலக்கூடத்துக்காரர்களுக்கு நம் வழக்கம் தெரியாதே என்று பியோ சொல்லிப் பார்த்தார். மேங் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒத்திகைக்கு மட்டுமே ஆன அந்தப் பதிப்பைப் பியோ 'இறுதி' என்றே அனுப்பினார்.

அவர்கள் அதை நம்பி மறுநாள் விடியற்காலை நிஜ ஏலத்திலேயே ஓட்டிவிட்டார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? பாதி ஏலத்தில் திரை அப்படியே நின்றுபோனது. சாவாளை மீன் பெட்டிகள் வெயிலேறும்வரை தரையில் கிடந்தன. படகுக்காரர்கள் போட்ட சத்தம் போன் வழியாக எங்கள் அறைவரை கேட்டது.

இறுதி என்று போட்டு அனுப்பியது யார் என்று இயக்குநர் கேட்டார். மேங் மேசையைப் பார்த்துக்கொண்டே, "பியோதான் சார் அனுப்பினார்" என்றார். பொய்யில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அனுப்பச் சொன்னது யார் என்று நான் எழுந்து சொன்னேன். அனுப்பியவர் பெயரைத்தான் கேட்டதாக இயக்குநர் என்னை உட்காரவைத்துவிட்டார். பியோவின் ஒப்பந்தம் நீளவில்லை.

அடுத்த வருடம் அதே மூன்று பெயர்களை நிறுவனம் முழுவதற்கும் வைத்தார்கள். அதை அறிவித்த கூட்டத்தில் பாராட்டு மேங்குக்கு. கூட்டம் முடிந்ததும் அவர் இயக்குநர் அறைக்குப் போய்விட்டு, அங்கிருந்து நேரே என் மேசைக்கு வந்தார். தன் எண்ணைப் பார்த்தால் பியோ எடுக்கமாட்டார் என்று என் போனை வாங்கி, நான் கேட்கும்படியே பேசினார்.

"தப்பு என்னோடதுப்பா. மேல போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன். நிரந்தர வேலை. திங்கக்கிழமையே வந்துடு."

பியோவின் குரல் எனக்கும் கேட்டது.

"சந்தோஷம் சார். ஆனா சோஹ்வாவுக்குப் போன மாசம் கல்யாணம் ஆயிடுச்சு." குரலில் கோபமே இல்லை. "இனிமே அந்த வேலைய வச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது?"

மேங் போனை என் கையில் கொடுத்துவிட்டு மாடிப்படிப் பக்கம் போய்விட்டார். பியோ இன்னும் இணைப்பில்தான் இருந்தார்.

"சாப்பிட்டியா ஹேரின்?" என்று என்னைக் கேட்டார்.