‘முடியாது’ பயிற்சி: ஓர் அரைப் பக்க அறிக்கை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வேண்டியதே இல்லை. எங்கள் தொண்டு நிறுவனத்தின் நிதி திரட்டும் பிரிவில் ஏழு பேர். ஏழு பேரையும் ஊருக்கு வெளியே ஒரு விடுதிக்குக் கூட்டிப்போய் இரண்டு நாள் ஒற்றுமையை வளர்த்தார்கள். அது வளர்ந்ததா என்று அரைப் பக்கம் அறிக்கை எழுதித் தரும்படி மேனேஜர் மேடம் என்னிடம் சொன்னார். நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதுவது என் வேலை. அதனால் எழுத்து சம்பந்தப்பட்ட எதுவும் என் தலையில்தான் விழும்.

2

‘பனி மூடிய மலைச்சரிவில் நம் குழுவினர்...’

[மலை இல்லை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து விடுதியின் தண்ணீர்த் தொட்டி தெரியும்.]

‘புத்துணர்ச்சியோடு திரும்பிய நம் குழுவினர்...’

[காலை ஆறு மணிக்கு எழுப்பி, கண்ணைக் கட்டி, ஒருவர் மேல் ஒருவரை விழச் சொன்னார்கள். புத்துணர்ச்சியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.]

சரி, எங்கள் ஏழு பேரில் ஒருத்தியிடமிருந்தே தொடங்குகிறேன்.

3

அவளை ‘அஞ்சு நிமிஷம்’ என்றுதான் கூப்பிடுவோம். நாள் முழுக்கப் போனில் “அஞ்சே நிமிஷம் சார்” என்று ஆரம்பித்து நன்கொடை கேட்பவள். எத்தனை பேர் முகத்தில் அடித்தாற்போல் போனை வைத்தாலும் அடுத்த எண்ணை அழுத்திவிடுவாள். ஊருக்காக இப்படிக் கேட்கிறவளுக்குத் தனக்கென்று கேட்க வாய் வராது. மூன்று வாரமாக மேடத்தின் அறை வாசல் வரை போய், தண்ணீர் குடிக்க வந்தவள்போல் திரும்பிக்கொண்டிருந்தாள்.

[இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. கதை எழுதுகிறவன் என்பதால் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்கிறேன்.]

4

இரண்டாம் நாள் பயிற்சியாளர் ஒரு விளையாட்டு வைத்தார். ஜோடியாக நிற்க வேண்டும். ஒருவர் எதையாவது கேட்க வேண்டும், மற்றவர் என்ன ஆனாலும் ‘முடியாது’ என்றே சொல்ல வேண்டும். கேட்டுக் கேட்டு மறுப்பின் வலி மரத்துப்போகுமாம். அவளுக்கு ஜோடி, மேடம்.

“மேடம், எனக்கு ஆறு வாரம் லீவு வேணும்.”

“முடியாது,” என்றார் மேடம், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“தம்பிக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. என்னோடது பொருந்துதுன்னு சொல்லிட்டாங்க. அடுத்த மாசம் ஒம்பதாம் தேதி ஆபரேஷன்.”

“முடியாது.”

“வருஷக் கடைசி, வசூல் நேரம்னு தெரியும் மேடம். ஆனா அவனுக்கு என்னை விட்டா யாரும் இல்லை.”

“முடியாதும்மா.”

அவள் குரல் உடைந்தது. நாங்கள் கை தட்டினோம். நானும்தான். சிறந்த நடிப்புக்கென்று பயிற்சியாளர் அவளுக்கு ஒரு பேனா கொடுத்தார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். “அப்படியே உங்க லெட்டர் மாதிரியே இருந்துச்சு, இல்ல?”

இருந்தது. தம்பி, கிட்னி, என்னை விட்டால் யாரும் இல்லை. எட்டு வருடமாக நான் மாற்றி மாற்றி எழுதுவது இதைத்தான். அவளை ஒருவரும் நம்பாமல் போனதில் என் உழைப்பும் இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

5

திரும்பும்போது வேனில் அவள் எனக்கு முன் சீட்டில் இருந்தாள். தம்பி போன் செய்தான். அவன் என்ன கேட்டிருப்பான் என்று ஊகிக்கப் பெரிய எழுத்தாளனாக இருக்க வேண்டியதில்லை.

“கேட்டேன்டா,” என்றாள். “எல்லாரும் கை தட்டினாங்க.”

6

முடிவு ஒன்று: நான் எழுந்துபோய் மேடத்திடம் விஷயத்தைச் சொல்கிறேன்.

[நல்ல முடிவு. ஆனால் நான் எழவில்லை. வேன் குலுங்கியது என்று ஒரு காரணம் கைவசம் இருக்கிறது.]

முடிவு இரண்டு: மறுநாள் அவளே மேடத்தின் அறைக்குள் போகிறாள், மேடம் கண்கலங்கி...

[போக மாட்டாள். மூன்று முறை ‘முடியாது’ வாங்கியாகிவிட்டது, அதுவும் சிரித்த முகத்தோடு.]

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. இந்தப் பக்கத்தை முதலில் படிக்கப்போகிறவர், அறிக்கை கேட்டவர்தான். மற்ற வாசகர்கள் தயவுசெய்து கை தட்ட வேண்டாம்.

மேடம், இன்று இருபத்தெட்டாம் தேதி. அவள் நடிக்கவில்லை. இந்தத் தடவை நீங்கள் ‘முடியாது’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை.