பட்டியலில் இருப்பவர்கள்

வெயில் காலம் வந்துவிட்டால் அந்த மின்சார அலுவலகத்துக்கு வாய் நீண்டுவிடும். மற்ற மாதங்களில் போனைக்கூட எடுக்காதவர்கள், கோடையில் மட்டும் வாடிக்கையாளர்களுக்கு நாளொன்றுக்கு நாலு செய்தி அனுப்புவார்கள். மதியத்தில் துணி துவைக்கும் மெஷினை ஓட்டாதீர்கள், ஏ.சி.யை இருபத்தாறில் வையுங்கள், உங்கள் பகுதியில் இன்ன மணி முதல் இன்ன மணி வரை மின்சாரம் இருக்காது, ஒத்துழைப்புக்கு நன்றி. ஒத்துழைக்காமல் ஜனங்கள் வேறு என்ன செய்துவிட முடியும் என்று யாரும் கேட்டதில்லை. இத்தனை செய்தியையும் தட்டி அனுப்புகிறவள் முன்னறையில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒருத்தி. லைன்மேன்கள் அவளை மெசேஜ் அக்கா என்றார்கள். அவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். இருந்தாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்தக் கோடையில் அவள் தலையில் இன்னொரு வேலையையும் கட்டினார்கள். வீட்டில் மூச்சு மெஷின் போன்ற கருவி வைத்திருக்கும் நோயாளிகளின் பட்டியல். ஒரு படிவம், ஒரு கையெழுத்து, வாசலில் ஒட்டிக்கொள்ள ஒரு பச்சை ஸ்டிக்கர். சேர்ந்தால் என்ன கிடைக்கும்? மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வருகிற செய்தி, இவர்களுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வரும். அவ்வளவுதான். தெருவை நிறுத்தினால் தெரு முழுக்கத்தான் நிற்கும். ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டை மட்டும் விட்டுவைக்க வழியில்லை. படிவத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஏன் என்று கேட்டதற்கு இன்ஜினியர், "அதையெல்லாம் எழுதினா யாரும்மா வந்து சேருவாங்க?" என்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி வந்து படிவக் கட்டைப் பிரித்தாள்.

முதல் வாரத்திலேயே தையற்காரர் வந்தார். அறுபதைத் தாண்டியவர். கழுத்தில் அளவு டேப்பை மாட்டியபடியே வந்து நின்றார்.

"என் வீட்டுக்காரிக்கு நுரையீரல் பாதிதான் வேலை செய்யுதும்மா. மெஷின் இல்லாம அரை மணி நேரம் தாங்க மாட்டா."

அவள் படிவத்தை நிரப்பினாள். ஸ்டிக்கரைக் கொடுக்கும்போது, "ஐயா, ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். இதுல சேர்ந்தாலும் கரண்ட் போகும். முன்னாடியே சொல்லுவோம், அவ்வளவுதான்" என்றாள்.

தையற்காரர் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க அப்படித்தான் சொல்லணும். புரியுதும்மா. வெளியில தெரிஞ்சா ஊரே வந்து நிக்குமில்ல?" என்றார். கண்ணைக்கூடச் சிமிட்டினார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு தடவை சொல்லத்தான் வாயெடுத்தாள். அவருக்குப் பின்னால் ஒன்பது பேர் வெயிலில் வெந்துகொண்டு நின்றார்கள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துப் பிற்பாடு அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

சில வாரம் கழித்து ஒரு நாள், வெயில் மண்டையைப் பிளந்தது. பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை ஆறு தெருக்களுக்கு மின்சாரம் கிடையாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. பத்து மணிக்குப் பட்டியலில் உள்ளவர்களுக்குச் செய்தி அனுப்பினாள். மனசு கேட்காமல் போனும் போட்டாள். அந்த ஆறு தெருக்களில் நாலே பேர். மூன்று பேர் உறவுக்காரர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள். நாலாவதாகத் தையற்காரர்.

"வந்துச்சும்மா மெசேஜ். தெருவுக்குப் போட்டது எனக்கும் வந்துடுச்சு போல." தையல் மெஷின் சத்தம் போனில் கடகடவென்று கேட்டது.

"இல்லைங்க ஐயா. உங்களுக்குன்னுதான் அனுப்பினேன். பன்னெண்டு மணிக்கு உங்க வீட்டுலயும் போயிடும். ஆக்சிஜன் சிலிண்டர் இருக்குல்ல? படிவத்துல எழுதியிருந்தீங்களே?"

தையல் மெஷின் நின்றது.

"அதை லிஸ்ட்ல சேர்ந்த மறுநாளே திருப்பிக் குடுத்துட்டேனேம்மா. சின்ன வீடு. போக வர காலை இடிச்சுட்டே இருந்துச்சு. அதான் நீங்க இருக்கீங்களேன்னு..."

அவள் போனை வைத்துவிட்டு அடுத்த எண்ணைத் தேடினாள். சிலிண்டர் கொடுப்பவரைக் கூப்பிட்டாள். ஒன்றுகூடக் கைவசம் இல்லை என்றார். ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொன்னாள். வெயிலில் சுருண்டு விழுந்தவர்களாக முன்னால் பதினோரு பேர் இருந்தார்கள். இன்ஜினியர் அறைக்கு ஓடினாள்.

"சார், அந்தத் தெருவை மட்டும் நாளைக்கு மாத்த முடியாதா?"

"ஸ்விட்ச் என் பாக்கெட்லயா இருக்கு? மேல இருந்து நிறுத்தறாங்கம்மா. என் வீடும் அந்த ஆறு தெருவுலதான் இருக்கு."

பொய் இல்லை. மனுஷனுக்குச் சட்டையெல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது. அவரைத் திட்டக்கூட அவளுக்கு வழியில்லாமல் போயிற்று.

திரும்பி வந்து தையற்காரரைக் கூப்பிட்டாள். "அம்மாவை இங்க கூட்டிட்டு வந்துடுங்க ஐயா. இங்கயும் கரண்ட் போகும், ஆனா எங்ககிட்ட ஜெனரேட்டர் இருக்கு."

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் வாடகைக் கார் வந்து நின்றது. ஒரு கையில் மெஷின், மறுகையில் மனைவி. அந்த அம்மா ஒல்லியாக இருந்தாள். வாசற்படி மூன்று ஏறுவதற்குள் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. முன்னறையில் ஜெனரேட்டர் இணைப்புள்ள பிளக்குகள் இரண்டே இரண்டு. ஒன்றில் கம்ப்யூட்டர். இன்னொன்றில் இருந்த மின்விசிறியைப் பிடுங்கிவிட்டு மெஷினைச் சொருகினாள். மூக்கில் குழாயை மாட்டியதும் அந்த அம்மாவின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

"உனக்கு வேர்க்குமேம்மா" என்றாள் அவளைப் பார்த்து. முதல் பேச்சே அதுதான்.

இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தது. ஆறு தெருவும் ஒரே மூச்சில் ஏ.சி.யைப் போட்டிருக்க வேண்டும். மூன்றாவது நிமிடம் நிலத்தடிக் கேபிள் ஒன்று வெடித்து, வந்த மின்சாரம் மறுபடியும் போயிற்று. கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு எப்போது சரியாகும் என்று கேட்டாள்.

"எங்க வெடிச்சிருக்குன்னே இன்னும் கண்டுபிடிக்கல. வழக்கம்போல ரெண்டு மணி நேரம்னு போடுங்க."

அதுதான் அந்த அலுவலகத்தின் வழக்கம். எந்தப் பழுதானாலும் இரண்டு மணி நேரம். அது முடிந்தால் இன்னொரு இரண்டு மணி நேரம். தெரியாது என்று போட்டால் ஜனங்கள் போன் மேல் போன் போடுவார்களாம். அவளும் ஐந்து வருடமாகக் கை கூசாமல் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். நாலு மணிக்கு வரும் என்று அனுப்பினாள்.

மூன்று மணிக்குக் காவலாளி வந்து அவள் காதோடு சொன்னார். "டீசல் அஞ்சு மணி வரைக்கும்தான் தாங்கும்." இன்ஜினியர் அவரையே கேனோடு சைக்கிளில் விரட்டினார். ஆஸ்பத்திரி வண்டியை மறுபடியும் கேட்டாள். இப்போது முன்னால் ஒன்பது பேர். நாலு மணி நேரத்தில் இரண்டு பேர்தான் குறைந்திருந்தார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

நாலு மணிக்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்ததும் அதே பதில். தையற்காரர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நாலு என்று இருந்ததை அழித்தாள். ஆறு என்று அடித்தாள். அனுப்பினாள். மறுவிநாடி அவர் சட்டைப் பையில் போன் கூவியது.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டி, போனைத் தூரப் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். முகம் தெளிந்துவிட்டது.

"ஆறு மணிக்கு வந்துடுமாம்" என்று மனைவியின் தோளைத் தட்டினார். "இப்பத்தான் போட்டிருக்காங்க."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "ஐயா, அது நான் அடிச்சது. உங்க கண்ணு முன்னாலதானே அடிச்சேன்? எப்ப வரும்னு இங்க யாருக்குமே தெரியாது. சத்தியமா தெரியாது."

தையற்காரர் இப்படியும் அப்படியும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க அப்படித்தான் சொல்லணும். புரியுதும்மா" என்று கண்ணைச் சிமிட்டினார்.

வாசலில் காவலாளி சைக்கிளை நிறுத்தினார். பெட்ரோல் பங்க்கிலும் மின்சாரம் இல்லை, பம்பு ஓடவில்லை என்று சைகை காட்டி, கேனைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அதைத் தையற்காரர் பார்க்கவில்லை. ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று மனைவியிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.