ஜெயசீலியின் பொருத்தனை

ஈஸ்டருக்கு முந்தைய இந்த லெந்து நோன்பு நாட்களில் ஜெயசீலி விட்டது கறியும் இல்லை, காபியும் இல்லை, ஊர்வம்பு. சபையில் மற்றவர்கள் சீரியல், சிக்கன் என்று விட்டபோது, இவள் மட்டும் பெண்கள் ஐக்கியத்தில் எழுந்து நின்று, "ஈஸ்டர் வரைக்கும் யாரைப் பத்தியும் புறம்பேச மாட்டேன்" என்று பொருத்தனை செய்துவிட்டாள். கிழக்குத் தாம்பரமே வாயைப் பிளந்தது. கணவர் அசரியா மட்டும், "சிக்கனையே விட்டிருக்கலாம்" என்றார்.

சாத்தான் சும்மா இருப்பானா? நான்காம் வாரம் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினான். பாடகர் குழுவின் பிளஸ்ஸி! தொண்டை கட்டிவிட்டது என்று பாட்டுப் பயிற்சிக்கு வராதவள், நெற்றி நிறைய விபூதி பூசிய ஒருவனோடு ஒரே கரும்பு ஜூஸில் இரண்டு ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அதுவும் ஐஸ் போட்டு! அவள் அம்மா ஜோசலினோ வீட்டு ஜெபக் கூட்டத்தையே நடத்துகிறவள்.

அடடா, எப்பேர்ப்பட்ட சரக்கு! வீடு வந்து சேர்வதற்குள் ஜெயசீலிக்கு வயிறே உப்பிவிட்டது. புருஷனிடம் சொன்னால் அதுவும் புறம்பேசுவதுதானா என்று யோசித்துப் பார்த்தாள். ஆமாம் என்றது பாழாய்ப்போன மனசாட்சி.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டம். "யாருக்காவது ஜெபக் குறிப்பு இருக்கா?" என்று நோட்டைத் திறந்தாள் ஜோசலின். இந்த ஜெபக் குறிப்பு இருக்கிறதே, அதுதான் ஓட்டை. பெயர் சொல்லாமல், "நம்ம சபையில ஒரு வாலிப மகள் வழிதப்பிப் போறா, பாரத்தோட ஜெபிங்க" என்றால் அது வம்பு ஆகாது, பக்தி. யார் அந்த மகள் என்பது காபி குடிக்கும்போது தானாக வெளியே வந்துவிடும். ஜெயசீலியே இப்படி எத்தனையோ பேருக்காகப் பாரப்பட்டிருக்கிறாள்!

வாயைத் திறந்தும்விட்டாள். எதிரே அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிளஸ்ஸி, பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். சே, குழந்தை பயந்துபோயிருக்கிறதே என்று ஜெயசீலிக்கு நெஞ்சு இளகிவிட்டது.

"எனக்காக ஜெபம் பண்ணுங்க. காரணம் மட்டும் கேக்காதீங்க."

மோசம் போனாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அசரியா குடிகாரர் ஆனார். செவ்வாய்க்கிழமைக்குள் குரோம்பேட்டையில் அவருக்கு இன்னொரு குடும்பமே இருந்தது. பாவம், அவர் அங்கே போவது பல் டாக்டரிடம். "என்னதான்டி விஷயம்? சொல்லித் தொலையேன், என் மானம் போகுது!" என்று கெஞ்சினார். அவள் காலண்டரில் ஈஸ்டருக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை ஜோசலினே மகளைக் கூட்டிக்கொண்டு, ஹாட்பாக்ஸில் இடியாப்பத்தோடு ஆறுதல் சொல்ல வந்தாள். அசரியாவை ஒரு முறை முறைத்தாள். ஜெயசீலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல இருக்கிறத என்கிட்ட கொட்டிடு. வெளிய போகாது" என்றாள்.

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், புருஷன் மானம் திரும்பிவிடும். அம்மாவுக்குப் பின்னால் பிளஸ்ஸியின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"ஒண்ணுமில்லக்கா. ஜெபம் பண்ணா போதும்."

ஜோசலின் பெருமூச்சு விட்டுப் படியிறங்கினாள். பிளஸ்ஸி செருப்பு மாட்டுகிற சாக்கில் பின்தங்கினாள்.

"ஆன்ட்டி, அன்னிக்கு எங்களப் பார்த்தீங்கதானே?"

"பார்த்தேன்."

"ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்." அவள் கண் கலங்கிவிட்டது.

"தேங்க்ஸ் எல்லாம் இருக்கட்டும்மா. ஈஸ்டருக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு. அதுக்குள்ள நீயே உங்கம்மாகிட்ட சொல்லிடு. அதுக்கு மேல என்னால தாங்காது!"